பழைய ஆல்ட்டோவின் மைலேஜ் 12-க்கு இறங்கிவிட்டது: எதை மாற்றினால் பலன் கிடைக்கும்?

தஞ்சைச் சாரதி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2006-ஆம் ஆண்டு பதிவான ஆல்ட்டோ. 796 சிசி, மூன்று சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) பெட்ரோல் இன்ஜின். இரண்டாவது உரிமையாளரிடமிருந்து வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேலை நாள்களில் தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கும் மாலையில் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கும் புறவழிச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறேன். மாலையில் மட்டும் ஏசி போடுவேன். வாங்கிய புதிதில் லிட்டருக்கு 17 வரை கொடுத்த வண்டி, இப்போது 12.5-க்கு மேல் ஏற மறுக்கிறது.

ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மூன்றையும் உள்ளூர் பட்டறையில் மாற்றியாகிவிட்டது. எந்த மாற்றமும் தெரியவில்லை. இழுவை குறையவில்லை, புகை இல்லை, இன்ஜின் விளக்கும் எரியவில்லை. போன கோடையில் ஒருமுறை வண்டி சூடேறியபோது மெக்கானிக் ஏதோ வேலை பார்த்துக் கொடுத்தார். அதன் பிறகு சூடேறும் தொல்லை மட்டும் அடியோடு நின்றுவிட்டது. முந்தைய உரிமையாளர் போட்ட 13 அங்குல அலாய் வீலும் 155/70 டயரும், மேலே ஒரு கேரியரும் உள்ளன.

உதிரிபாகக் கடையில் பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றைக் காட்டி, மைலேஜ் கூடும் என்கிறார்கள். நண்பர் ஒருவர் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் போடச் சொல்கிறார். ஐயாயிரம் ரூபாய்க்குள் செய்யக்கூடிய எளிய மாற்றங்கள் எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சிங்காநல்லூர் பட்டறை:

வணக்கம் சார். காந்தத்தையும் கூம்பு ஃபில்டரையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இருபது வயது நெருங்கிய வண்டியில் எதைச் சேர்க்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், கம்பெனி போட்டுக் கொடுத்ததில் எது இப்போது வண்டியில் இல்லை என்று பார்ப்பதே என் வழக்கம். உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது, சூடேறும் தொல்லை "அடியோடு" நின்றுபோனது என்ற வரிதான்.

மூன்று விவரங்கள் வேண்டும். முதலாவது, அரை மணி நேரம் ஓட்டிய பிறகு வெப்பமானி முள் எங்கே நிற்கிறது? இரண்டாவது, சாவியைத் திருப்பியவுடனேயே ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்குகிறதா? மூன்றாவது, காலையில் குளிர்ந்த நிலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பானட்டைத் திறந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள வண்டியில் அந்த ஹோஸ் சில நிமிடங்கள் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு திடீரென்று கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். ஸ்டார்ட் செய்த உடனிருந்தே மெதுமெதுவாக வெதுவெதுப்பு ஏறினால் விஷயம் வேறு. ஃபேனுக்கு அருகில் கையையோ துண்டையோ கொண்டுபோக வேண்டாம்; சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

எண்கணிதன்:

பட்டறைக்காரர் சொல்வதைப் பாருங்கள். அதற்கிடையே கணக்கில் இரண்டு திருத்தங்களைச் செய்தாக வேண்டும்.

உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 145/80 ஆர்12 டயர். அதன் விட்டம் ஏறத்தாழ 537 மில்லிமீட்டர். இப்போது உள்ள 155/70 ஆர்13 டயரின் விட்டம் 547. சக்கரம் பெரிதாகிவிட்டதால், மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் கிட்டத்தட்ட 102 கிலோமீட்டர் போயிருக்கும். ஆகவே உங்கள் 12.5 என்பது உண்மையில் 12.7. பெரிய ஆறுதல் இல்லைதான். ஆனால் இனி செய்யப்போகும் ஒப்பீடுகள் எல்லாவற்றுக்கும் இந்தத் திருத்தம் தேவை.

இன்னொன்று, பெட்ரோலே மாறிவிட்டது. நீங்கள் வண்டி வாங்கிய காலத்தில் பெட்ரோல் பங்க்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாகத்தான் வந்துகொண்டிருந்தது. 2025-இல் அதுவே பொது வழக்காகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலப்புக்கு ஏற்பச் சீர்செய்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. அந்தக் கணக்குப்படி 17 என்பது 16-க்கு இறங்கினால் குற்றம் சொல்ல முடியாது; ஆனால் அதே மீட்டர் காட்டும் 12.5-க்கு எத்தனாலைக் கைகாட்டவும் முடியாது.

அளக்கும் முறையையும் மாற்றாதீர்கள். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், முனை தானாக அடைபட்டவுடன் நிறுத்தி, அடுத்த முறையும் அதே புள்ளி வரை நிரப்பிக் கணக்கிடுங்கள். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டு முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்வது ஊகம் மட்டுமே.

தஞ்சைச் சாரதி:

இருவருக்கும் நன்றி. முள் கால் பங்கைத் தாண்டுவதில்லை. புறவழிச்சாலையில் வேகமெடுத்தால் அதற்கும் கீழே இறங்குகிறது. சாவியைத் திருப்பியதுமே ஃபேன் சுற்றுகிறது. இன்ஜினுக்கு நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். இன்று காலை ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அந்தத் திடீர்ச் சூடு இல்லை, தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாகத்தான் ஏறியது.

சிங்காநல்லூர் பட்டறை:

அப்படியானால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டு, ஃபேனைச் சூட்டைப் பார்க்காமல் எப்போதும் சுற்றும்படி நேரடியாக இணைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. "நம் வெயிலுக்கு வால்வு எதற்கு?" என்ற பேச்சை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். சூடேறும் காரணத்தைத் தேடுவதைவிட வால்வை எடுத்து ஓரமாக வைப்பது சுலபம். வாடிக்கையாளரும் மறுபடி புகார் சொல்ல மாட்டார்.

அந்த வால்வின் வேலை இதுதான்: இன்ஜின் குறிப்பிட்ட சூட்டை எட்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பாமல் தடுத்து வைத்து, பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில் திறந்து வழிவிடும். வால்வு இல்லையென்றால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். போதாததற்கு உங்கள் வண்டியில் ஃபேனும் ஓயாமல் வீசுகிறது. எம்பிஎஃப்ஐ இன்ஜினின் கணினி, வெப்ப உணரி சொல்வதை வைத்துத்தான் பெட்ரோலை அளக்கிறது. இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருப்பதாக அது நினைக்கும்வரை, பழைய வண்டிகளில் சோக் இழுத்துவிட்டு ஓட்டியதைப் போலக் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆயிலும் தடிமனாகவே இருப்பதால் உராய்வு கூடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தாலும் அடிக்கும்.

செய்ய வேண்டியது: சரியான டிகிரி கொண்ட புதிய தெர்மோஸ்டாட்டும் கேஸ்கெட்டும் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் வால்வைப் போட்டு அடுப்பில் சூடாக்கி, கொதிநிலைக்கு முன்பே அது திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். ஃபேன் சுவிட்சைப் புதிதாகப் போட்டு வயரிங்கைப் பழையபடி மாற்றச் சொல்லுங்கள். மிக முக்கியமாக, போன கோடையில் வண்டி ஏன் சூடேறியது என்பதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ரேடியேட்டரில் அடைப்பு, மூடியின் ரப்பர், வாட்டர் பம்ப் ஆகியவற்றைச் சோதிக்காமல் வால்வை மட்டும் மாட்டினால் மறுபடி சூடேறும். மெக்கானிக்கும் மறுபடி அதைக் கழற்றச் சொல்வார். குழாய்த் தண்ணீரை ஊற்றாமல், தரமான கூலண்டைப் பயன்படுத்துங்கள்.

நெடுஞ்சாலைப் பயணி:

அந்தக் கேரியரையும் கழற்றி வீட்டில் வையுங்கள், ஐயா. மேலே பெரிய பெட்டி ஏற்றினால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 விழுக்காடு வரை மைலேஜ் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. வெறும் கேரியர் அவ்வளவு தின்னாது என்றாலும், இவ்வளவு சிறிய இன்ஜினுக்கு அதுவும் சுமைதான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 80-இலிருந்து 65-க்கு இறங்கினாலே அந்தத் தடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். திருச்சி சாலையில் அதனால் உங்களுக்குக் கூடுதலாகும் நேரம் பத்து நிமிடம்கூட இருக்காது.

பிரேக்கையும் பாருங்கள். ஓட்டி முடித்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அனலாக அடிக்கிறதா என்று தெரிந்துவிடும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் இரண்டு மூன்று சுற்றாவது தடையின்றி ஓட வேண்டும். இந்த வண்டிகளில் பின்புற டிரம்மில் ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கி வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

எண்கணிதன்:

காந்தத்தைப் பற்றி யாரும் விளக்கவில்லை என்பதால் சொல்கிறேன். பெட்ரோலின் மூலக்கூறுகளை நேராக்கி நன்றாக எரியச் செய்யும் என்பது விற்பவரின் வாசகம். குழாயில் ஓடும் பெட்ரோலைக் காந்தம் ஒன்றும் செய்யாது. மைலேஜ் கூட்டும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க பலன் தரும் எதையும் காணவில்லை என்று அறிவித்திருக்கிறது.

ஏர் ஃபில்டரை மாற்றியும் மைலேஜ் ஏறாதது வியப்பில்லை. கார்புரேட்டர் வண்டியில் அடைபட்ட ஃபில்டர் மைலேஜைத் தின்னும்; எம்பிஎஃப்ஐயில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பக் கணினி பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால் இழுவைதான் குறையுமே தவிர, மைலேஜ் பெரிதாக மாறாது. கூம்பு ஃபில்டர் பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையும் தூசியையும் உறிஞ்சும். உறுமும் சத்தத்தைத் தவிர வேறு பலன் இல்லை.

வெப்பம் சரியான பிறகும் மைலேஜ் ஏறாவிட்டால், அடுத்து சந்தேகப்பட வேண்டியது சைலன்சர் பக்கம் இருந்து, வெளியேறும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார். அது முழுதாகப் பழுதானால் இழப்பு மிகப் பெரிதாக இருக்கும். ஆனால் விலை கூடியது. சோதித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

தஞ்சைச் சாரதி:

இன்னொரு சந்தேகம். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று அப்பா காலத்திலிருந்து சொல்கிறார்கள். கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது அப்படிச் செய்யலாமா?

சிங்காநல்லூர் பட்டறை:

தயவுசெய்து செய்யாதீர்கள் சார். கார்புரேட்டர் காலத்தில் அந்தப் பேச்சுக்கு ஓரளவு காரணம் இருந்தது. உங்கள் இன்ஜினில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதால் கணினி பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் செலவாகும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலையில் இன்ஜினின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

தஞ்சைச் சாரதி:

வேலை முடிந்தது. வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாகத்தான் இருந்தது. புதிய தெர்மோஸ்டாட், ஃபேன் சுவிட்ச், கூலண்ட் மூன்றும் போட்டாயிற்று. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்ததால் அதையும் மாற்றினார்கள். உள்ளே அடைப்பு இல்லை. இடது பின்சக்கர டிரம் பிடித்துக்கொண்டிருந்ததைத் தளர்த்தியாகிவிட்டது. கேரியர் இப்போது மாடியில் இருக்கிறது. கூலியையும் சேர்த்து ஐயாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. முள் நடுவில் வந்து நிற்கிறது, ஃபேன் நின்று நின்று சுற்றுகிறது. டயர் திருத்தத்தோடு கணக்கிட்டால், 65 - 70 வேகத்தில் லிட்டருக்கு 16.1 கிடைக்கிறது.

எண்கணிதன்:

நல்ல செய்தி. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ததோடு வேகத்தையும் குறைத்திருப்பதால், தெர்மோஸ்டாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு டேங்க் முழுவதும் பழையபடி 80-இல் ஓட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும். எத்தனாலின் பங்கைக் கழித்தால், இனி இந்த வண்டியில் தேடிப்பிடிக்கப் பெரிதாக எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

சிங்காநல்லூர் பட்டறை:

அடுத்த டயர் மாற்றத்தின்போது பழைய 12 அங்குல இரும்பு வீலுக்கே திரும்ப முடியுமா பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை இருந்தால், கிலோமீட்டர் ஆகும்வரை காத்திருக்காமல் இப்போதே மாற்றிவிடுங்கள். இன்னும் ஒன்று: அடுத்த சர்வீசுக்கு வண்டியை விடும்போது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றக் கூடாது என்று ஜாப் கார்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.