‘ஐடில்’ ஓட்டத்துக்கும் அதன் குறைகளுக்கும் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான எஞ்சின் பழுதறியும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய இயலில் ஒரே சொல்லிடம் இரண்டு நாளாகத் தேங்கி நிற்கிறேன். கியர் விழாமல், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், எஞ்சின் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் நிலைக்கு என்ன பெயர் வைப்பது? முன்னொருவர் செய்த வரைவில் அது ‘செயலற்ற நிலை’ என்று இருக்கிறது. குறையோடு ஓடினால் ‘கரடுமுரடான செயலற்ற நிலை’. சூடேறிய பெட்ரோல் எஞ்சின் அப்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முதல் 900 சுற்று சுழல்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 750 சுற்றில் ஓடினால் நொடிக்கு 25 முறை உள்ளே தீப்பற்றுகிறது. அதைச் செயலற்றது என்று எழுத என் கை வரவில்லை.

‘வெற்றோட்டம்’ என்று வைக்கலாமா? இந்த ஓட்டத்தில் வரும் மூன்று குறைகளுக்கும் தனித்தனிச் சொல் தேவை. ஒன்று, வண்டி முழுதும் அதிர்வது. இன்னொன்று, சுற்று தானாக ஏறி இறங்குவது. மூன்றாவது, எஞ்சின் நின்றேவிடுவது.

— கையேட்டை மொழிபெயர்ப்பவன்

*

அன்பரே,

‘வெற்றோட்டம்’ நல்ல சொல். ‘வெறு’ என்னும் அடி தமிழில் ஆழ வேரூன்றியது: வெறுங்கை, வெறுமை, வெற்றிடம். பூவும் காயும் கருதாமல் இலையொன்றே பயனானதால் வெற்றிலை ஆயிற்று என்று சொல்வதுண்டு. பயணம் என்னும் பயனைக் கருதாத ஓட்டமும் வெற்றோட்டமே.

இன்னும் நெருக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘சும்மா’ இருக்கிறது. கந்தரனுபூதியில் ‘சும்மா இரு சொல்லற’ என்று வருவது சோம்பியிருக்கச் சொன்னது அன்று. உள்ளே விழித்துக்கொண்டு வெளியே அடங்கியிருக்கச் சொன்னது. எஞ்சினின் அந்நிலையும் அத்தகையதே. ‘சும்மா’வும் ‘சுமை’யும் ஓரடிச் சொற்களோ, சுமை நீங்கியதுதான் சும்மாவோ என்று நெடுநாளாக எண்ணி வருகிறேன்.

‘எஞ்சின்’ என்பதையும் கைவிட்டு ‘எந்திரம்’ என்று எழுதுங்கள். ‘கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்’ என்பது ஐங்குறுநூறு. கரும்பாலை தன் ஒலியால் யானைக்கு எதிர்க்குரல் கொடுக்கிறது என்று செவியால் எந்திரத்தை அறிந்து பாடியவர்கள் நம் முன்னோர். பழுதறிவதும் செவியில்தானே தொடங்குகிறது?

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் நண்பர்களுக்கும்,

நான் பட்டறை வகுப்பு எடுப்பவன். ஐயாவின் மடலை மாணவர்களுக்குப் படித்துக் காட்டினேன். கரும்பாலை அடியை அவர்கள் விரும்பிக் கேட்டார்கள். ஆனால் ‘வெற்றோட்டம்’ வகுப்பில் நிற்காது. பாதிப் பேர் அதை ‘வெள்ளோட்டம்’ என்றே கேட்டார்கள். பழுது பார்த்தபின் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு அந்தச் சொல் முன்பே இருக்கிறது. போதாக்குறைக்கு, இதே இயலில் ‘வெற்றிடக் கசிவு’ என்றும் வருகிறது. மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவன் குழம்பிப்போவான்.

அந்த ‘வெற்றிடக் கசிவு’ம் பிழை என்பேன். வெற்றிடம் எங்கும் கசிவதில்லை. வெளிக்காற்று உள்ளே புகுகிறது. சென்ற வாரம் ஒரு வண்டி ஐடிலில் நடுங்கிக்கொண்டே வந்தது. உள்ளிழு குழாயின் பின்புறம் வளைந்து இறங்கும் ரப்பர் ஹோஸில், வளைத்துப் பிடித்தால் மட்டும் வாய் திறக்கும் நகக்கண் அளவு வெடிப்பு இருந்தது. காதை அருகே கொண்டுபோனால் ‘ஸ்ஸ்’ என்ற சீறல். கட்டைவிரலால் அழுத்தி மூடியதும் சீறல் அடங்கியது, நடுக்கமும் நின்றது. விரலை எடுத்தால் மறுபடி நடுங்கியது. காற்றளவு உணரியைக் கடக்காமல் கணக்கில் வராத வழியாகப் புகுந்த காற்று அது. எஞ்சினை ஆளும் கணினி, தான் அளந்த காற்றுக்கு மட்டுமே பெட்ரோல் தருகிறது. ஆகவே கலவை மெலிகிறது. மாணவர்கள் இதைக் ‘கள்ளக்காற்று’ என்கிறார்கள். ஐடிலில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே குறைவு என்பதால் கள்ளக்காற்றின் பங்கு அப்போது பெரிது. 2500 சுற்றுக்கு உயர்த்தினால் அந்தப் பங்கு சிறுத்துவிடுகிறது. அந்தக் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவு (கலவையைச் சரிசெய்யக் கணினி கூட்டிக் குறைக்கும் பெட்ரோலின் அளவு) ஐடிலில் மிகுந்தும் உயர்சுற்றில் இயல்புக்குத் திரும்பியும் இருந்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதற்கு முன் ஹோஸ்களைத் தேட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எனக்கு வேண்டியது மாணவன் கையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டும் சொல். அவன் ஏற்கெனவே ‘ஐடில்’ என்கிறான். அதை அப்படியே விட்டுவிடலாம்.

— பட்டறைப் பயிற்றுநர்

*

நண்பர்களே,

பயிற்றுநரின் மடல் நமக்கு உரைகல்லாக வாய்த்திருக்கிறது. அதைக் கொண்டு மற்ற பரிந்துரைகளையும் உரசிப் பார்க்கிறேன்.

தனிமடலில் ஒருவர் சொன்ன ‘நிலையோட்டம்’ ஆகாது; குறை வந்தால் ‘நிலையற்ற நிலையோட்டம்’ என்று எழுத நேரும். ‘சுமையிலா ஓட்டம்’ உண்மைக்கே மாறானது. பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரும் ஏசி கம்ப்ரசரும் அப்போதும் எஞ்சினுக்குச் சுமைதான். ஏசியைப் போட்டவுடன் சுற்று சரிந்து எஞ்சின் நின்றால், அந்தச் சுமையைத் தாங்குமளவு காற்றைக் கூட்டிக் கொடுக்க முடியாமல், எஞ்சினுக்குள் காற்றுவிடும் த்ராட்டில் வாயில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். சுமையில்லை என்று சொல்லும் பெயர் அந்தச் சோதனையையே மறைத்துவிடும். ‘சும்மா’வைச் ‘சுமை’யோடு இணைத்த ஐயாவுக்கு, ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்ற தொல்காப்பிய நூற்பாவை அன்போடு நினைவூட்டுகிறேன்.

நான் முன்வைப்பது ‘தன்னோட்டம்’. ஓட்டுநரின் காலை எதிர்பாராமல் எஞ்சின் தன் சுற்றைத் தானே காத்துக்கொள்ளும் ஓட்டம் என்பது அதன் பொருள். இன்றைய வண்டிகளில் அதைக் காப்பது கணினி. பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் சில வண்டிகள் சிறிது நேரம் தடுமாறுவது, கற்றுவைத்த அளவைக் கணினி மறந்துவிடுவதால். அந்தத் ‘தன்’னுக்கு நேர்ந்த குறை என்பது சொல்லிலேயே தெரிகிறது.

நின்றேவிடுவதை வரைவில் ‘எஞ்சின் நிறுத்தம்’ என்று எழுதியிருப்பது இலக்கணப்படியும் தவறு. ‘நில்’ தன்வினை, ‘நிறுத்து’ பிறவினை. நிறுத்தம் என்றால் நிறுத்தியவர் ஒருவர் உண்டு. சாவியைத் திருப்பி அணைப்பதும், சிக்னலில் எரிபொருளை மிச்சப்படுத்த வண்டி தானே எஞ்சினை அணைப்பதும் நிறுத்தம். நாம் சொல்ல வந்ததோ விரும்பாமல் நேர்வது. ‘போ’ என்னும் துணைவினை அதற்கென்றே இருக்கிறது. ‘நின்றுபோதல்’ என்று எழுதுவோம். சூடேறியபின் சட்டென்று நின்றுபோய், ஆறியபின் எழும் எஞ்சினில், அதன் சுழற்சியை அறியும் கிராங்க் உணரியை ஐயுறுவதற்கும், சிக்னலில் வேகம் தணியும்போது திணறி நின்றுபோவதில் த்ராட்டிலை ஐயுறுவதற்கும் அடைமொழி சேர்க்கவும் அது இடம்தருகிறது.

அதிர்வதற்கு ‘நடுக்கம்’, ஏறி இறங்குவதற்கு ‘ஊசலாட்டம்’ போதும். இரண்டையும் ‘சீரின்மை’ என்ற ஒரே சாக்கில் கட்ட வேண்டாம்.

— இலக்கணம் கற்பிப்பவள்

*

அம்மையீர்,

‘நின்றுபோதல்’ மிக நன்று. ‘நடுக்க’த்தையும் ஏற்கிறேன். 750 சுற்றில் ஒரே ஒரு சிலிண்டர் பற்றாமல் போனால் நொடிக்கு ஆறு தடவைக்குச் சற்று மேல் ஓர் இடறல் வரும். இருக்கையில் அதுதான் நடுக்கமாக உணரப்படுகிறது. பட்டறையில் இந்தப் பற்றாமையை ‘மிஸ்ஸிங்’ என்போம். ஸ்கேனரில் பி0302 என்று பழுதுக் குறியீடு வந்தால் இரண்டாம் சிலிண்டரின் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) மூன்றாவதில் மாற்றிப் போடுகிறோம். குறியீடு பி0303 ஆனால் குற்றம் காயிலோடு இடம்பெயர்ந்தது என்று பொருள். இந்தச் சோதனையை விளக்கும் வாக்கியத்தில் ‘மிஸ்ஸிங்’ இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

‘தன்னோட்டம்’ மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கார் என்று மாணவன் எடுத்துக்கொள்வான்.

— பட்டறைப் பயிற்றுநர்

*

பயிற்றுநர்க்கு,

‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று வழிவிட்டது தொல்காப்பியம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வழி இருக்கிறதென்பதற்காக ஒரே பத்தியில் ஐடில், மிஸ்ஸிங், காயில், ஹோஸ் நான்கும் நுழைந்தால், வினைமுற்று மட்டுமே தமிழாக எஞ்சும். பொருளின் பெயர் வந்தால் வரட்டும். அப்பொருள் செய்யும் வினைக்கும் அதற்கு நேரும் குறைக்கும் நம் மொழியில் பெயர் இருக்க வேண்டும். ‘மிஸ்ஸிங்’குக்குப் ‘பற்றாமை’ என்று தாங்களே மேலே எழுதிவிட்டீர்கள். அதையே கொள்ளலாமே?

‘கள்ளக்காற்’றையும் நான் ஏற்கவில்லை. பேச்சில் சுவைக்கும், பாடநூலில் காற்றின்மேல் குற்றம் சாற்றலாகாது. ‘புறக்காற்று’ என்பதே என் பரிந்துரை. ‘வெற்றோட்ட’த்தையும் நான் கைவிடவில்லை.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

அனைவருக்கும் நன்றி.

வியாழன் இரவு ஆகிவிட்டது. ‘தன்னோட்ட’த்துக்கு ஐவர், ‘ஐடி’லுக்கு மூவர், ‘வெற்றோட்ட’த்துக்கு ஐயா ஒருவர். அச்சுப்படியில் தலைப்பைத் ‘தன்னோட்ட நடுக்கம், ஊசலாட்டம், நின்றுபோதல்’ என்று வைத்து, முதல் வரியிலேயே ‘பட்டறையில் ஐடில் எனப்படும் தன்னோட்டம்’ என்று அறிமுகம் செய்திருக்கிறேன். ‘பற்றாமை’ ஏறிவிட்டது. காயிலை மாற்றிப் பார்க்கும் பத்தியில் மட்டும், மாணவர் வாயில் வரும் சொல்லாக ‘மிஸ்ஸிங்’ ஓரிடத்தில் இருக்கிறது. ‘கள்ளக்காற்’றை எடுத்துப் ‘புறக்காற்று’ என்று எழுதிப் பார்த்தேன். வெளியே இருக்கும் காற்றெல்லாம் புறக்காற்றுதானே என்ற ஐயம் எழுந்ததால் மறுபடி ‘கள்ளக்காற்றே’ என்று திருத்தினேன். ஐயா பொறுத்தருள வேண்டும்.

— கையேட்டை மொழிபெயர்ப்பவன்

*

அன்பரே,

பொறுத்தேன். ஆனால் ‘அளவாக் காற்று’ என்று எழுதியிருந்தால் உணரியைக் கடக்காதது என்பதும் விளங்கியிருக்கும், பழியும் வந்திராது. காலையில் அச்சகத்தார் கதவைத் திறப்பதற்குள் இந்த மடல் தங்கள் கண்ணில் படுமானால் மாற்றிவிடுங்கள்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்