கோத்தகிரி அருகே தனியாக நாற்பது நாய்களைப் பராமரிக்கும் அம்மையாருக்கு எவ்வாறு உதவலாம்?

கேள்வி: கட்டபெட்டுவாசி

அனைவருக்கும் வணக்கம். அடிபட்டும் கைவிடப்பட்டும் கிடந்த தெருநாய்களைத் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் ஒருவர் எங்கள் பகுதியில் இருக்கிறார். அறுபதைக் கடந்தவர்; ஊரில் எல்லோருக்கும் அவர் அக்காதான். காலஞ்சென்ற கணவரின் ஓய்வூதியத்தைத் தவிர வேறு வருமானம் இல்லை. நாய்கள் நாற்பதை எட்டிவிட்டன. கொட்டகையின் தகரம் ஒருபுறம் பெயர்ந்து, சாரல் நேராகச் சாக்குப் படுக்கையில் விழுகிறது. மளிகைக் கடையில் நொய்யரிசிக் கடன் ஏறிக்கொண்டே போகிறது. போதாக்குறைக்கு, யாரோ குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டு, இரவோடு இரவாக அவர் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

நாங்கள் ஐந்தாறு பேர் உதவ முன்வந்திருக்கிறோம். ஆனால் முன்பு வந்த சிலர் ஒரு மூட்டைத் தீவனத்தை இறக்கி, படம் எடுத்துக்கொண்டு, "இவ்வளவு அழுக்காக வைத்திருக்கிறீர்களே" என்று குறையும் சொல்லிவிட்டுச் சென்றதால், அவர் புதியவர்களை உள்ளே விடத் தயங்குகிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: குன்னூர் சாரல்

எந்த வேலையை முதலில் இறக்கி வைக்க விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அது காலையில் கொட்டகை கழுவுவதாகவோ, மருத்துவரிடம் நாயைத் தூக்கிச் செல்ல வண்டி தேடுவதாகவோ இருக்கும். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னவர் கொட்டும் மழையிலும் செவ்வாய்க்கிழமை வந்து நின்றால், அவரது தயக்கம் தானாகவே குறைந்துவிடும்.

உள்ளே நுழையும் முன் நீங்கள் அனைவரும் ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம்: முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். ஊசி போட்டிருந்தாலும், கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே மீண்டும் ஊசி போடுவார்கள்.

புதிய குட்டிகளை மற்ற நாய்களோடு விடாமல், இரண்டு வாரம் உங்களில் நாய் வளர்க்காத ஒருவர் வீட்டில் வைத்திருங்கள். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயிலுக்கு அது அசையாது. கழிவை அகற்றி, சோப்பு நீரால் தேய்த்த பிறகு, ப்ளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போட்டு வர வேண்டும்.

பதில்: ஊட்டி, கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்

அந்த நாற்பதில் கருத்தடை செய்யப்படாத பெட்டைகள் எத்தனை என்பதை முதலில் கணக்கெடுங்கள். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாட்கள்தான் என்பதால், ஒரு பெட்டையைத் தள்ளிப்போட்டாலும் அடுத்த ஈற்றுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் கொட்டகை போட வேண்டியிருக்கும். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்களுக்குக் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் செய்விக்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கு உரியது. எனவே அக்காவின் பெயரில் தனி மனுவாக அல்லாமல், பல குடும்பங்கள் கையெழுத்திட்ட மனுவாகக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கால்நடை மருத்துவர்களுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சையில் பயிற்சி அளிக்கும் வேர்ல்டு வெட்டினரி சர்வீஸ் மையம் ஊட்டியிலேயே இருக்கிறது; அங்கும் கேட்டுப் பார்க்கலாம்.

பதில்: மூன்றாம் வீட்டுக்காரர்

நான் இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு அருகில் குடியிருப்பவன். நாய் இருக்கும் இடம் தேடிச் சிறுத்தை வருகிறது. மீந்த சோற்றுக்குக் காட்டுப்பன்றியும் கரடியும் வருகின்றன. விடியற்காலையில் தோட்ட வேலைக்கு நடந்து போகும் பெண்களை யாராவது நினைத்துப் பார்க்கிறீர்களா? உதவ வருபவர்கள் பொழுது சாய்வதற்குள் உணவு கொடுத்து முடித்து, தட்டுகளை எடுத்துவிட்டு, இரவில் நாய்களைக் கதவு போட்ட கொட்டகையில் அடைக்க ஏற்பாடு செய்தால் எங்கள் ஆட்சேபத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதி குரைப்பு. அதற்கு வழி இருப்பதாகத் தோன்றவில்லை.

பதில்: கொடைக்கானல் வாசகி

பணம் திரட்டினால் அக்காவின் கையில் கொடுக்காமல், கடைக்கும் மருந்தகத்துக்கும் நேரடியாகச் செலுத்தி, ரசீதுகளை ஒருவர் பொறுப்பில் வையுங்கள். அவரிடம் நம்பிக்கை இல்லாததால் இதைச் சொல்லவில்லை. கையில் வாங்கிய பணத்துக்கு ஊர் நூறு கணக்குக் கேட்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ரேஷன் அரிசியை வாங்கிவிடாதீர்கள், அது குற்றம். நொய்யோடு கோழிக் கழுத்தையும் ஈரலையும் சேர்த்து வேகவைக்கலாம். ஆனால் வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும் என்பதால், கழுத்து எலும்பை எடுத்துவிட்டே போட வேண்டும்.

கட்டபெட்டுவாசி

அனைவருக்கும் நன்றி. சாரல் அவர்கள் சொன்னபடி அக்காவிடமே கேட்டேன். தகரத்தையோ கடனையோ அவர் பேச்சில் எடுக்கவே இல்லை. மேட்டுப்பாளையத்தில் தங்கை மகளின் திருமணத்துக்குப் போய் ஓர் இரவு தங்கி வர வேண்டும் என்றார். அன்றைக்கு நாங்கள் இருவர் அங்கேயே தங்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். மூன்றாம் வீட்டுக்காரர் ஐயா சொன்னது நியாயம். தகரத்தோடு கொட்டகைக்குக் கதவும் போடுகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: இரண்டு நாய்கள் அக்காவைத் தவிர வேறு எவர் கையிலும் உண்பதில்லை. அவற்றுக்கு என்ன செய்வது?

குன்னூர் சாரல்

இப்போதிருந்தே தினமும் அவர் சோறு வைக்கும்போது அருகில் நில்லுங்கள். நாய்களின் முகத்தைப் பார்க்காதீர்கள், கையையும் நீட்டாதீர்கள். சில நாட்களுக்குப் பிறகு தட்டை நீங்கள் வையுங்கள். அவர் பக்கத்தில் நிற்கட்டும். திருமணத்துக்குக் கிளம்பும்போது, அவர் வழக்கமாக உடுத்தும் பழைய சேலை ஒன்றைக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.