ஓவர்சைட்: ‘கண்காணிப்பு’ போதாது, ‘பொறுப்புக்கேட்பு’ சரிவருமா?

சட்டமன்றமும் நாடாளுமன்றமும் ஒரு துறையை அழைத்துக் கேள்வி கேட்கும் பணியை ஆங்கிலத்தில் ‘ஓவர்சைட்’ (oversight) என்கிறார்கள். பொதுச் சுகாதார நூலில் அதற்குப் ‘பொறுப்புக்கேட்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதைப் பற்றிய கேள்விகளும் என் பதில்களும் இவை.

> சட்டமன்றமும் நாடாளுமன்றமும் சுகாதாரத் துறையைக் கவனிப்பதற்குக் ‘கண்காணிப்பு’ என்றே வைத்துவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, வேறு துறை நூலாக இருந்தால் நானும் சரி என்று விட்டிருப்பேன். பொதுச் சுகாதாரத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. டெங்கு எந்த ஊரில் தலைகாட்டுகிறது என்று தகவல் திரட்டுவது நோய்க் கண்காணிப்பு. காய்ச்சல்காரரை இரண்டு நாள் வார்டில் வைத்துப் பார்ப்பதும் கண்காணிப்பு. ‘கண்காணிப்புக் குழுவின் அறிக்கை’ என்று எழுதினால், கொசுவைப் பற்றியதா, அமைச்சகத்தைப் பற்றியதா என்று வாசிப்பவர் தடுமாறுவார்.

‘மேற்பார்வை’ இலங்கையில் ஊன்றிவிட்டது. அங்கே நாடாளுமன்றத்தில் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் என்றே பெயர். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இங்கே மேற்பார்வையாளர் என்றால் துறைக்குள்ளேயே இருந்து வேலை வாங்குகிறவர். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ, அந்த அவை துறைக்கு வெளியே நிற்கிறது. அமைச்சகத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறது.

அந்தக் கேட்பதைச் சொல்லுக்குள் கொண்டுவரத்தான் ‘பொறுப்புக்கேட்பு’ என்கிறேன். பதில் சொல்லும் கடமைக்குப் ‘பொறுப்புக்கூறல்’ நல்ல வழக்காகிவிட்டது. கூறுகிறவருக்குச் சொல் இருக்கிறது, கேட்கிறவருக்கு இல்லை. ‘கேட்பாரற்றுக் கிடக்கிறது’ என்று நம் ஊரில் சொல்வதில் இருப்பதும் இதே கேட்பு.

ஓர் உண்மை நிகழ்வில் பொருத்திப் பாருங்கள். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. 2010-இல் அது நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழு 2013-இல் அதன் 72-ஆவது அறிக்கையில் ஒப்புதல் படிவங்களை எடுத்துப் பேசியது. ஆந்திரத்தின் 9,543 படிவங்களில் 1,948-இல் வெறும் கைநாட்டு. 2,763-இல் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து. தாயும் தகப்பனும் கேட்டறிந்து சம்மதிக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ கையெழுத்திட்டிருக்கிறார்கள்! அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு குழு கேள்வி கேட்டதை நான் எப்படிக் ‘கண்காணித்தது’ என்று எழுதுவேன்? கண்காணிப்பு என்றால் நடக்கும்போதே உடனிருப்பது. குழு வந்தது பிறகு. வந்து பொறுப்புக் கேட்டது.

> ‘தணிக்கை’ இருக்கிறதே?

தணிக்கை, அரசின் வரவு செலவைச் சரிபார்க்கும் கணக்குத் தணிக்கைத் தலைவரின் (சி.ஏ.ஜி.) வேலை. அவருடைய அறிக்கையை அவையின் பொதுக் கணக்குக் குழு கையிலெடுத்து அதிகாரிகளை விசாரிக்கும்போதுதான் நாம் பேசும் வேலை தொடங்குகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் படிகள் கலந்துவிடும்.

> ‘கேட்பு’ வங்கிச் சொல்லாயிற்றே, கேட்பு வரைவோலை (டிமாண்ட் டிராஃப்ட்) என்று?

‘பொறுப்பு’ முன்னால் நிற்பதால் அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். நிலைக்குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு போன்ற பெயர்களிலும் கைவைக்க வேண்டாம். அவை எல்லாம் செய்யும் பணிக்குப் பொதுப்பெயராக மட்டும் இது இருக்கட்டும்: ‘மருத்துவப் பணிகள் மீதான அவைப் பொறுப்புக்கேட்பு’.

எனக்கு இடறுவது ஓர் இடம்தான். ‘பொறுப்புக்கேட்பு அதிகாரம்’ வாயில் சரியாக வருகிறது; ‘பொறுப்புக்கேட்புக் குழு’ என்னும்போது நாக்கு சிக்குகிறது. அங்கே மட்டும் ‘கேட்புக் குழு’ என்று சுருக்கினால் பொருள் நிற்குமா? சட்டத் தமிழில் பழகியவர்கள் சொல்லுங்கள்.