கலிபோர்னியா கன்டினுவேஷன் பள்ளி: மாணவர் 88 பேரா, 190 பேரா?

கேள்வி:
ஒரு கன்டினுவேஷன் ஹைஸ்கூலின் (படிப்பில் பின்தங்கியவர்கள் பள்ளியை முடிக்க உதவும் மாற்று உயர்நிலைப் பள்ளி) புள்ளிவிவரத்தை மாநிலக் கல்வித் துறையின் டேட்டாக்வெஸ்ட் தளத்தில் பார்த்தேன். ஒரு அறிக்கையில் 88 மாணவர்கள், அதே கல்வியாண்டுக்கான இன்னொன்றில் 190. ஆங்கிலம் கற்போர் (வீட்டில் வேறு மொழி பேசி, ஆங்கிலத்தில் இன்னும் தேர்ச்சி பெறாதவர்) முந்தைய ஆண்டு 18%, இப்போது 26%. இரண்டு ஆண்டும் மொத்தம் 88தான். ஆசியர் வரிசையில் வெறும் நட்சத்திரக் குறி. பள்ளி தப்பான கணக்குக் கொடுத்திருக்கிறதா?

பதில் 1:
இரண்டு எண்ணும் சரிதான். 88 என்பது அக்டோபர் முதல் புதன்கிழமை, அதாவது சென்சஸ் டே அன்று பதிவில் இருந்தவர்கள். 190 என்பது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு நாளாவது பதிவில் இருந்த எல்லோரும். சாதாரணப் பள்ளியில் இந்த இடைவெளி சிறிதாக இருக்கும். கன்டினுவேஷன் பள்ளியில் அப்படி இருக்காது. இங்கே வருபவர்கள் பெரும்பாலும் 16 முதல் 18 வயதினர், கிரெடிட்டில், அதாவது டிப்ளமோவுக்குத் தேவையான பாடப் புள்ளிகளில், பின்தங்கியவர்கள். முதல் செமஸ்டர் மதிப்பெண் வந்த பிறகு ஜனவரியில் ஒரு கூட்டம் வந்து சேரும். கிரெடிட் முடித்தவர் நடுவிலேயே டிப்ளமோ வாங்கிப் போவார், சிலர் பழைய பள்ளிக்கே திரும்புவார். அக்டோபர் எண்ணில் இந்த வரத்தும் போக்கும் தெரியவே தெரியாது. அதனால் 'ஸ்டெபிலிட்டி ரேட்' (ஆண்டு முழுதும் ஒரே பள்ளியில் நீடித்தவர் விகிதம்) அறிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

பதில் 2:
சதவீதத்தை விட்டுவிட்டுத் தலையை எண்ணுங்க. 88-ல் 18% என்றால் 16 பேர், 26% என்றால் 23 பேர். ஏழே ஏழு பேர் கூடியதுக்கு எட்டு புள்ளி ஏறிடுச்சு. ஒரு மாணவர் வந்தாலே ஒரு புள்ளிக்கு மேல் நகரும். மூன்று நான்கு ஆண்டு எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் போக்கு பிடிபடும்.

நட்சத்திரக் குறி, 10 பேர் அல்லது அதற்குக் குறைவு என்று அர்த்தம். அடையாளம் தெரிஞ்சிடக் கூடாதுன்னு மறைக்கிறாங்க. அதைச் சுழியம் என்று எழுதிடாதீங்க, பலர் செய்யும் தவறு இதுதான். பிலிப்பினோக்கள் ஆசியர் வரிசையில் சேராமல் தனியாக வருவாங்க. ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க அல்லது ஸ்பானிய வழியினர்) என்று குறித்தவர், வேறு எந்த இனத்தைக் குறித்திருந்தாலும் ஹிஸ்பானிக் வரிசையில்தான் வருவார். பள்ளிகளின் செயல்பாட்டை நிறத்தால் காட்டும் மாநில டாஷ்போர்டில் ஒரு மாணவர் பிரிவுக்கு நிறம் கிடைக்க 30 பேராவது வேண்டும், அதனால் சின்னப் பள்ளிகளில் பாதிப் பிரிவுக்கு நிறமே இருக்காது.

பதில் 3:
குறைந்த வருமானத்தினரைக் காட்டும் வறுமை வரிசையைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். 2022-23 முதல் கலிபோர்னியாவில் எல்லா மாணவருக்கும் இலவச உணவு. அதனால் இந்தக் கணக்குக்கு ஆதாரமான வருமானப் படிவத்தை நிரப்பவேண்டிய அவசரம் பெற்றோருக்கு இல்லை. நடுவில் சேர்பவர்களின் படிவம்தான் முதலில் விட்டுப்போகும். கால்ஃபிரெஷ் (உணவு உதவி), மெடி-கால் (மருத்துவக் காப்பீடு) ஆகிய மாநிலத் திட்டங்களின் பட்டியலோடு பொருத்தி நேரடியாகச் சான்றாகிறவர்கள் தவறமாட்டார்கள், மற்றவர்களுக்குப் படிவம் தேவை. ஆங்கிலம் கற்போர், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளவர், குறைந்த வருமானத்தினர் ஆகியோரை வைத்துத்தான் மாவட்டத்துக்குக் கூடுதல் நிதி வருகிறது. ஒரே மாணவர் மூன்றிலும் இருந்தாலும் ஒருமுறைதான் எண்ணப்படுவார். அந்த மூன்று சதவீதங்களையும் கூட்டி "தேவையுள்ளவர் இத்தனை பேர்" என்று சொல்லிவிடாதீர்கள்.