போஸ் ஐகார்ட் கல்லறை வாசகம்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே. டெக்சஸின் பழைய கௌபாய் போஸ் ஐகார்டைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு 1866இல் மாட்டு மந்தை முதலாளி ஆலிவர் லவிங்கிடம் மாடு ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தார். மறுவருடம் லவிங் இறந்துவிட, அவருடைய கூட்டாளி சார்லஸ் குட்நைட்டிடம் தொடர்ந்தார். மந்தை விற்ற பணத்தை குட்நைட் இவரிடம்தான் கொடுத்துவைப்பாராம். கறுப்பினத்தவர் ஒருவரின் படுக்கைச் சுருட்டில் அவ்வளவு பணம் இருக்கும் என்று எந்தத் திருடனும் நினைக்க மாட்டான் என்பது கணக்கு. நம்பிக்கையும் நிறவெறியும் ஒரே படுக்கைச் சுருட்டுக்குள்! கட்டுரையே அந்த இடத்திலிருந்துதான் எனக்குப் பிறந்தது.

1929இல் அவர் இறந்த பிறகு, டெக்சஸின் வெதர்ஃபோர்டு ஊரில் குட்நைட்டே கல்லறைக் கல் வைத்தார். தன்னோடு நாலு வருடம் உழைத்தார், கடமையில் நழுவியதே இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ‘ஸ்ப்ளென்டிட் பிஹேவியர்’ என்று முடிகிறது. ‘நன்னடத்தை’ என்று போட்டால் சிறைச் சான்றிதழ் மாதிரி இருக்கிறது. ‘தங்கமான மனுஷன்’ என்றால் முதலாளியின் தோரணை போய்விடுகிறது. வேறு என்ன சொல்லலாம்?

அப்புறம், ராத்திரி இடிச்சத்தத்தில் மந்தை மொத்தமும் மிரண்டு ஓடுவதற்கு உங்கள் ஊரில் ஒற்றைச் சொல் உண்டா? மாடு வளர்ப்பவர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். எந்த ஊர் வழக்கு என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது.