படிவரிசைப் பல்லிணைப் பெட்டி: ‘தொடர்’ வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

கியரை ஒவ்வொரு படியாக மட்டுமே மாற்றவிடும் சீக்வென்ஷியல் கியர்பாக்ஸுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தொடர் பல்லிணைப் பெட்டி, நிரல் பல்லிணைப் பெட்டி, வரிசைமுறைப் பெட்டி. போன வாரம் முழுக்க புதுச்சேரியிலிருந்து தினமும் கடலூர் போய், மஞ்சக்குப்பத்தில் மைத்துனரின் பட்டறையில் இருந்தேன். அங்கே ஒரு பந்தயக் காரில் இந்தப் பெட்டியைப் பொருத்தினார்கள். அதன் கையேட்டைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. அதனால் மூன்று சொற்களையும் வேலை செய்பவர்களிடமே சொல்லிப் பார்த்தேன்.

‘தொடர்’ முதல் நாளே நிற்கவில்லை. “தொடர்னா, ஸ்கூட்டர் மாதிரி பெல்ட்டுல மாறிக்கிட்டே போகுமா சார்?” என்று கேட்டார் மூத்த மெக்கானிக். நியாயமான கேள்வி. ஸ்கூட்டரில் உள்ள பெல்ட் அமைப்பான சி.வி.டி.யில் படியே கிடையாது, விகிதம் விட்டுவிடாமல் மாறிக்கொண்டே போகும். நம் பெட்டி அதற்கு நேர் எதிர். எதிர்ப்பொருள் தரும் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

‘நிரல்’ எனக்கும் பிடித்த சொல்தான். இலக்கணத்தில் நிரல்நிறை அணி படித்தவர்களுக்கு அது வரிசை என்று உடனே விளங்கும். ஆனால் இன்று நிரல் என்றால் கணினி நிரல். இந்தப் பெட்டியோடு மின்னணுக் கருவியும் வருவதால் குழப்பம் கூடும். லீவரில் உள்ள விசை உணரி கையின் இழுப்பை அறிந்ததும், இன்ஜினின் தீப்பொறி கண நேரம் நிற்கிறது. பல்லின் மேலிருந்த சுமை விலகுகிறது. கிளட்சை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் அடுத்த கியர் விழுகிறது. இதைப் பார்த்தவர் ‘நிரல் பெட்டி’ என்றால் மென்பொருளால் ஓடும் பெட்டி என்றுதான் நினைப்பார்.

‘வரிசைமுறை’யில் தவறில்லை. எதன் வரிசை என்பதுதான் அதில் இல்லை.

சாதாரணக் காரில் ஐந்தாவது கியரிலிருந்து நேராக இரண்டுக்கு லீவரைக் கொண்டுபோகலாம். இங்கே லீவருக்கு முன்னும் பின்னும் இரண்டே அசைவு. ஒவ்வோர் அசைவுக்கும் உள்ளே ஓர் உருளை ஒரு படி திரும்பும். அதன்மேல் வெட்டிய வளைந்த பள்ளங்களில், கியரைத் தள்ளும் கவைகளின் (ஃபோர்க்) முனை ஓடும். பள்ளம் வளையும் பக்கம் கவை நகர்ந்து கியரைச் சேர்க்கும். ஐந்திலிருந்து இரண்டுக்கு வர நான்கையும் மூன்றையும் கடந்தே ஆகவேண்டும். பைக்கில் காலால் செய்வதும் இதைத்தான். பைக்கில் நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். இதில் அது ஒன்றுக்குக் கீழே. ரிவர்ஸ் அதற்கும் கீழே, தனிப் பூட்டோடு.

“பைக் கியர்தான் சார். படிப்படியா ஏறணும், படிப்படியா எறங்கணும்” என்றார் அதே மெக்கானிக். படிவரிசை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததாகவே நினைக்கிறேன். ஏற்றம், இறக்கம் இரண்டும் ‘படி’யில் இருக்கின்றன, தாவ முடியாது என்பது ‘வரிசை’யில் இருக்கிறது. நூலில் படிவரிசைப் பல்லிணைப் பெட்டி, பட்டறையில் படிவரிசைக் கியர். இரண்டும் இருக்கட்டும்.

இந்தப் பெட்டியில் கியரைச் சேர்க்கும் பல் வளையமான ‘டாக் ரிங்’கை நாய் வளையம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். சாதாரணப் பெட்டியில் ஒத்திசை வளையம் கியர், தண்டு இரண்டின் வேகத்தையும் சமமாக்கிய பிறகே கியர் சேரும். இதிலோ தடித்த பற்கள் ஒன்றையொன்று நேராகக் கவ்வுகின்றன. கவ்வு வளையம் என்றேன், யாரும் விளக்கம் கேட்கவில்லை. மெதுவாக, தயங்கி மாற்றினால் இந்தப் பற்களின் முனை மழுங்கிவிடும் என்பதையும் ‘கவ்வு’ சொல்லை வைத்துச் சொல்வது எளிதாக இருந்தது.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மைத்துனர் முதலில் பார்த்தது, இன்ஜினின் முறுக்குவிசையைத் தாங்குமா என்பதை. அப்புறம் இன்ஜினோடு இணையும் கூடு. இவ்வளவும் பார்த்தும், பழைய கிளட்ச் தட்டின் நடுத்துளைப் பற்கள் புதிய தண்டோடு பொருந்தவில்லை. வேறு தட்டு வரும்வரை இரண்டு நாள் சும்மா இருந்தோம். அந்த இரண்டு நாளில்தான் இந்தச் சொற்களைப் பேசித் தீர்த்தோம்.

ஒன்று மட்டும் தீரவில்லை. இன்ஜின் சிலிண்டரையும் உருளை என்றுதான் எழுதுகிறோம், உள்ளே திரும்பும் டிரம்மும் உருளை. இப்போதைக்கு ‘பள்ள உருளை’ என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று கையேட்டைப் பட்டறையில் கொடுக்க வேண்டும்.