நல்லாத்தான் வாழ்ந்தோம்

யாழ்ப்பாணம் நீர்வேலியிலிருந்து, வயது 81

போன ஆவணியில் கனடாவிலிருந்து பேரன் வந்து நின்றான். படிப்புக்கு ஒரு பதிவு வேண்டுமாம். கைபேசியை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, "அப்பப்பா, நீங்கள் பட்ட கஷ்டங்களைச் சொல்லுங்கோ" என்றான். நான் வாழைத் தோட்டத்தில் தொடங்கினேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அது பிறகு, முதலில் சண்டைக் காலம்" என்றான். பெடியனைப் பிழை சொல்ல முடியாது. வெளியிலிருந்து வருகிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நல்லாத்தான் வாழ்ந்தோம் என்றால் எதையோ மறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். அவன் கேட்காததை இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது செம்பாட்டு மண், சிவப்பு மண். கிணறு நாலு குடும்பத்துக்குப் பங்கு, முறை வைத்துத்தான் இறைப்பு. மிசின் வருவதற்கு முன்னம் எல்லாம் துலாதான், கிணற்றுக்கு மேலே ஏற்றம்போல் ஏறி இறங்குகிற நீள மரம். விடியப்புறத்தில் அண்ணனும் பக்கத்துத் தோட்டத்துப் பெடியனும் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். கீழே ஐயா தண்ணீர் அள்ளி வருகிற பட்டையைப் பிடித்துச் சரிப்பார். என் வேலை வாய்க்கால் நுனியில். ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் ஒரு வெட்டு, ஒரு அணை. தண்ணீர் அடுத்த பாத்திக்குத் திரும்பிவிடும். அந்த இருட்டில் பாத்தி நிரம்பியது கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். கணுக்கால் வரை குளிர் ஏறினால் வெட்ட வேண்டியதுதான். வறண்ட செம்பாடு தண்ணீரை உறிஞ்சும்போது சிறிதாக ஒரு சத்தம் வரும், அதுவும் கேட்கும். துலாவில் நிற்பவர்கள் நித்திரை வராமலிருக்கப் பாடுவார்கள். அண்ணனுக்குச் சுருதி என்ற ஒன்று கிடையவே கிடையாது.

கல்யாணம், நாலு பிள்ளைகள், கடன், கடன் அடைப்பு எல்லாம் ஊர் வழமைப்படி. மனைவி உரும்பிராய். வந்த வருஷமே கிணற்றடியில் ஒரு கறுத்தக்கொழும்பான் மா ஒட்டுக்கன்று வைத்தா. காய்க்கத் தொடங்கியதும் அணிலுக்கும் வவ்வாலுக்கும் போக மிச்சந்தான் எங்களுக்கு. வலை கட்டுவம் என்று நான் சொன்னால், "இஞ்சாருங்கோ, அணில் கோதின மாம்பழந்தான் இனிப்பு, பேசாமல் இருங்கோ" என்பா. இப்போதும் அதே பதில்தான்.

1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி முன்னேறி வர எங்கள் வலிகாமம் பகுதிச் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது நாங்களும் மழைக்குள் கோப்பாய், கைதடி என்று நடந்து தென்மராட்சிக்குப் போனோம். அது பேரனின் பதிவில் இருக்கிறது. அடுத்த சித்திரையில் திரும்பி வந்ததை அவன் கேட்கவில்லை. கூரையில் பாதி ஓடு இல்லை. வேலி போன இடமே தெரியவில்லை. வாழை மட்டும் ஆளில்லாத ஆறு மாதத்தில் குட்டிக்கு மேல் குட்டி வைத்துக் காடாகி நின்றது. இரண்டு குலை பழுத்துக் காகம் கொத்தியபடி தொங்கின. மனைவி மூட்டையை இறக்கக்கூட இல்லை, கத்தியைத் தேடினா. அன்றைக்கு முழுக்கக் கதலிப்பழமும் பிளேன்ரீயும்தான். கடைசிப் பெட்டை பழம் தின்று வயிற்றுக்குத்து வந்து அழுததுதான் அன்று நடந்த ஒரே துக்கம்.

வல்வெட்டித்துறைப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை

நீர்வேலி ஐயா எழுதிய வாழைக்காட்டுக் கதையை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு 92. உங்களுக்கு எந்தக் காலம் நல்ல காலம் என்று கேட்டேன். யோசிக்காமல், பொருளாதாரத் தடைக் காலம் என்றார், சண்டைக்குள் அரசாங்கம் சாமான்களை இங்கே வரவிடாத காலம்! மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது, ஜாம்போத்தல் விளக்கு ஒன்றுதான் வீட்டுக்கு. உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம். ஆனால் பொழுதுபட்டால் எல்லாப் பிள்ளைகளும் அந்த ஒரு விளக்கடியில். பிலாவிலை கோலி ஒரே பானையிலிருந்து ஒடியற்கூழ் குடித்தோம், பிறகு அப்படி ஒரு நாளும் எல்லாரும் கூடி இருக்கவில்லை என்கிறார். எனக்கென்றால் அந்த விளக்குப் புகையில் கண் எரிய எரியக் கொப்பி திருத்தியதுதான் ஞாபகம். ஒரே வீடு, ஒரே விளக்கு, என்ன செய்ய.

அராலியிலிருந்து

நீர்வேலி ஐயா கோபிக்கக்கூடாது. பங்குக் கிணறும் செம்பாட்டுத் தோட்டமும் காணி இருந்தவர்களின் கதை. என் அப்பு பனை ஏறியவர். அடுத்தவன் வளவுப் பனையில் காலையும் மாலையும் ஏறி இறங்கி எங்களைப் படிப்பித்தார். குடிக்கத் தண்ணீர் அள்ளச் சில கிணறுகளில் எங்களை விடாத காலமும் இருந்தது. அதையும் சேர்த்து எழுதினால்தான் கணக்குச் சரியாக வரும்.

ஆனால் ஒன்று, அப்புவும் நல்லாத்தான் வாழ்ந்தேன் என்றுதான் சொல்கிறார். அதுதான் எனக்கு விளங்குவதில்லை. எழுபதுகளில் கூட்டுறவுச் சங்கம் வந்தபிறகு கள்ளுக்குக் கையில் காசு வந்தது, தலை நிமிர்ந்தது என்பார். அதைவிட அவர் அதிகம் பேசுவது பனை வட்டுக்குள் இருந்து பார்த்ததைத்தான். மாரி முடிகிற நேரம் கடல்நீரேரியில் பூநாரைகள் இறங்கினால் ஊரில் முதலில் காண்பது அவர்தானாம். சோழகக் காற்று அடிக்கும்போது மரம் ஆடும். ஆடுகிற பக்கம் உடம்பைக் கொடுக்க வேணும், எதிர்த்துப் பிடித்தால் விழுவாய் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தார். தம்பி இப்போது பாரிசில் சாப்பாட்டுக் கடையில் வேலை.

அப்பு மரத்தை விட்டு இருபது வருஷமாகிறது. மரம் ஏறக் காலில் மாட்டுகிற தளைநாரும் பாளை சீவுகிற கத்தியும் இன்னும் குசினி வளையில் தொங்குகின்றன, எடுத்து வைக்க விடமாட்டார். பின்னேரம் ஒழுங்கையால் கூட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு பனையையும் அண்ணாந்து பார்த்து, "இது மூண்டு முட்டி கட்டலாம், உது சும்மா உயரந்தான், அந்த வடலியை இன்னும் அஞ்சு வருஷம் தொடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே வருவார். வளவுக்காரர் யாராவது நின்றால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்வார்.